மூன்றாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் போனது பற்றி

பெயர் சாமியப்பன், தகப்பனார் சுப்பையன், வயது 46, தொழில் பனியன் வேஸ்ட் வியாபாரம், குடியிருப்பு திருப்பூர் ராயபுரம். 1969-ஆம் வருடம் ஏப்ரல் 15-ந் தேதி போலீஸ் நிலையத்துக்கு நானாக வந்து சொல்வதாவது:

நேற்று மோதிய காரை ஓட்டிய வேலுமணி என் அக்காள் ரங்காத்தாளின் மகன். சோழவரம் கார் பந்தயத்துக்காக, அருள்புரத்துக்கு அப்பால் வறண்ட குளத்துக்குள் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டு, மூன்று வளைவு வைத்துப் பழகி வந்தான். கார் வேலை பார்ப்பவர் மெக்கானிக் நல்லான். நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் அங்கே போனபோது வேலுமணி, "ஏறுங்க மாமா, பயமா இருந்தா ஊட்டுக்குப் போயி முறுக்குத் தின்னுங்க" என்றான். ஆகாய விமானத்தை ஒற்றைக் கையால் இறக்கியவன் நான் என்று இருபது வருடமாக ஊரில் கதை விட்டு வந்திருப்பதாலும், நல்லான் பார்த்துக்கொண்டு நின்றதாலும், ஏறினேன். வயிற்றுக்கு ஆதரவாக ஒரு வேஸ்ட் துணி உருண்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் வேலுமணி விளக்கிக்கொண்டே ஓட்டினான். "வெள்ளைக் கோட்டுல பிரேக்கை அழுத்தோணுங்க. நேரா போறப்பவே வேகத்தைக் கொல்லோணும். கிளட்சு மிதிச்சு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, கியரை மூணுலிருந்து ரெண்டுக்குப் போட்டு, அப்புறந்தான் திருப்போணும்" என்றான். ஒவ்வொரு பிரேக்குக்கும் என் குடல் கண்ணாடியைத் தாண்டி முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருந்தது. "போதும் கண்ணு, சாமி, நிறுத்து" என்றேன். அவன் சிரித்தான்.

அதன் பிறகு இரண்டாம் சுற்றின் இரண்டாவது வளைவில் கார் இடது பக்கம் திரும்பியபோது, நான் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன். உருண்டை மடியிலிருந்து வலது பக்கம் குதித்து வேலுமணியின் காலடிக்குப் போனது. அதை நான் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன். "சாமி, சாமி" என்றுதான் வந்தது.

மூன்றாம் வளைவின் கோட்டில் அவன் மிதித்தான். பிரேக் மிதி பாதியில் நின்றது. "மாமா, பிரேக் இறங்கலீங்க" என்றான். வேகம் குறையாமலே இரண்டுக்கு மாற்றினான். என்ஜின் அலறியது, பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய், கார் சுற்றிக் கரையில் மோதியது.

எனக்குச் சிராய்ப்பு மட்டும். வேலுமணி தலையில் ரத்தம் வந்ததால் மிதியின் அடியில் சிக்கியிருந்த உருண்டையை உருவி எடுத்துக் காயத்தில் அழுத்தினேன். அது ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையோடு போனது, அங்கே குப்பையில் போட்டார்கள். அதனால்தான் பிறகு காரைச் சோதித்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அக்காள், நல்லான் பிரேக்கைச் சரியாக மாட்டவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், பேசவில்லை. நேற்று மாலையிலிருந்து நல்லான் இந்த நிலையத்து லாக்கப்பில் இருக்கிறார்.

இன்று காலை நல்லானின் மனைவி பழனாயி ஆஸ்பத்திரிக்கு வந்து, "எங்க ஊட்டுக்காரரு வேலை முடியாம வெச்ச கைய எடுக்க மாட்டாருங்க" என்று அக்காளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலுமணி இன்னும் கண் விழிக்கவில்லை. நான் நேராக இங்கே வந்தேன்.

நல்லான் மேல் குற்றம் இல்லை. அவரை வெளியே விட்டு, லாக்கப்பில் அவர் உட்கார்ந்திருக்கும் பாயில் என்னை உட்கார வைக்கவும். அக்காள் விஷயம் கேட்டு வரும்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கம்பி இருப்பது நல்லது.

சொன்னபடியே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரி, உண்மை.

(ஒப்பம்) சு. சாமியப்பன்