முழு சார்ஜ்

காரில் பாட்டுக் கேட்டால் சார்ஜ் பெரிதாகக் குறையாது என்று விற்றவர் சொன்னார். நான் நம்பவில்லை. நானே பாடிக்கொண்டு ஓட்டினேன். சார்ஜ் போனால் போகிறது, ரேடியோவைப் போடுங்கள் என்று என் மனைவி கெஞ்சினாள்.

ஐயா, கேட்டதை விட்டுவிட்டுச் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நான்தான் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். தலை நரைத்த பிறகு மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன் நான். கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்த எழுத்துக்கு இதுவரை வேறு வேலை கொடுத்ததில்லை.

கிடங்கில் மூட்டை இறக்குவது என் தொழில். முதுகு போன பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியவில்லை. பலர் கை மாறிய ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினேன். முதுகுக்கு நிம்மதி வந்தது, மனசுக்குப் போய்விட்டது. ரோட்டைப் பார்த்ததைவிடச் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்ததுதான் அதிகம். வெயிலில் ஏசி போட மாட்டேன். மனைவி அட்டையால் விசிறிக்கொண்டு வருவாள். டிக்கியில் கிடந்த குடை வீண் எடை என்று எடுத்து வீட்டில் வைத்தேன். அன்றே மழை கொட்டியது. சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்துச் சார்ஜ் போடுவதால் அந்த நேரத்தில் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது. கசங்கிய சட்டையோடு காரில் போகிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஓட்டுகிற பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும். வண்டி தானாக வேகம் குறைந்து, அந்த வேகத்தையே சார்ஜாக மாற்றி உள்ளே போட்டுக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் அது வீண். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. இறங்கும்போதெல்லாம் ஓசியில் சார்ஜ் ஏறும். பிரேக்கைத் தொடாமலே கிடங்கு போய்ச் சேர்ந்த நாட்களில் கோப்பை வாங்கியவன் மாதிரி நடப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஒருநாள் பேராசைப்பட்டு முழு சார்ஜ் ஏற்றிவிட்டேன். சுற்றுப் பாதையின் மெதுவான சரிவில் காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை. வயிறு நிறைந்தவன் போலப் பேட்டரி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது குப்பைத் தொட்டியோடு முட்டி நின்றிருந்தேன். பிரேக் என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பழகிய கால் அப்படி. அதற்குப் பிறகு முழுசாக ஏற்றியதில்லை. ஏன் என்று வீட்டில் யாரிடமும் சொன்னதுமில்லை.

இனி என் மச்சினன். மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருந்தான். எல்லாரையும் சிரிக்க வைப்பான், பெரும்பாலும் என்னை வைத்து. வண்டியைக் கேட்டு வாங்கிப் போவான். திரும்பி வரும்போது பேட்டரியில் சொட்டு மிச்சம் இருக்காது. வயரையும் செருக மாட்டான். காலையில் வண்டி செத்துக் கிடக்கும், நான் இந்த முதுகோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். கேட்டால், "கரன்ட்தானே மாமா, உங்க ரத்தத்தையா உறிஞ்சிட்டேன்?" என்பான். மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் கோபப்படுகிறவன் இல்லை.

அதனால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவதைப் பொறுமையாகப் பழக்கினேன். தொட்டால், "பிரேக்கை மிதிக்கிறவன் டிரைவர் இல்ல மாப்ள, ஊதாரி" என்பேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைவிட நன்றாகவே பழகினான். அவன் காலுக்குப் பிரேக் மறந்துபோயிற்று என்று தெரிந்த பிறகு பாடத்தை நிறுத்தினேன்.

அன்று அவன் ஒரு வேலை விஷயமாக வெகுதூரம் போக வேண்டியிருந்தது. அவன் கேட்கும் முன்பே முழு சார்ஜ் ஏற்றி, வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன்.

"என்ன மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

நேரமாகிவிட்டது, சுற்றுப் பாதை வேண்டாம், குறுக்குச் சரிவிலேயே இறங்கு என்றேன். அது செங்குத்தான சரிவு. அடியில் லாரிகள் ஓடுகிற பெரிய ரோடு.

வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று மனைவியும் ஏறி உட்கார்ந்தாள். எடை கூடினால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும், இறங்கு என்றேன்.

"ரெண்டு தெருவுக்கா?" என்றாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். என் கஞ்சத்தனத்தால் ஒருவருக்கு நல்லது நடந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

வண்டி சத்தமில்லாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கீழே லாரிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஆட்களின் சத்தம்.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது, மிதித்த அடையாளமே இல்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். உண்மைதான். நான் எதையும் அறுக்கவில்லை, கழற்றவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிடலாம் என்றீர்கள். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மனைவி, "அவன் கேக்காமலே முழு சார்ஜ் போட்டுக் கொடுத்தாரு, தம்பி மேல அவ்வளவு பாசம்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். செய்யாத நல்லதுக்குப் பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு வரவில்லை.

முழு சார்ஜில் காலை எடுத்தால் வண்டி நிற்காது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன். நான்தான் அவனைக் கொன்றேன்.

நசுங்கிய வண்டியை உங்கள் ஸ்டேஷன் வாசலில் போட்டிருக்கிறீர்கள். வரும்போது எட்டிப் பார்த்தேன். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அநேகமாக முழுசாகவே இருக்கிறது என்றார் மெக்கானிக். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. இத்தனை நாளில் அவன் சார்ஜோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தது இப்போதுதான்.