ஈரல் தெருவில் உப்பு கேட்டவன்

— அப்புறம் அந்தக் கிருமி என்ன பண்ணிச்சாம்?

— என்ன பண்ணும்? நேரா காவக்காரன் வாயிலேயே போய் விழுந்துச்சு. ரத்தத்துல காவல் சுத்துறவன் இருக்கான் பாரு, புதுசா யார் வந்தாலும் முழுங்கிடுவான். எபோலாவையும் முழுங்கிட்டான். அங்கதான் ஆள் கெட்டான்.

— முழுங்கினா செத்துடாதா?

— சாகுமா? அவன் வயித்துக்குள்ளயே உக்காந்து, அவன் அடுப்பைப் பத்தவச்சு, அவன் மாவையே கிண்டித் தின்னு, ஆயிரம் குட்டி போட்டுச்சு. இவன் பாவம், வயிறு உப்பினது தெரியாம ரோந்து போனான். ஈரல் தெருவுல கொஞ்சம் இறக்கினான், மண்ணீரல் தெருவுல கொஞ்சம் இறக்கினான். பெனி சந்தைக்கு நான் சுக்குடு மரவண்டியில மூட்டை ஏத்தித் தள்ளின காலத்துல கூட இவ்வளவு சரக்கு இறக்கினதில்ல.

— மும்பெரே அப்பா, உங்க வாய்க்கு ஒரு அளவே இல்ல. இதெல்லாம் யாரு பார்த்தா?

— பாதியை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மீதியை நானே கேட்டேன். நேத்து ஈரல் தெருவுல ஒருத்தன் கிசங்கானி ஊர்க்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசி உப்பு கேட்டான்.

— குடுத்தீங்களா?

— இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியில ஏது உப்பு?

— சிரிக்காதீங்க, விக்கல் வருது பாருங்க.

— வரட்டும். இன்னும் கேளு. சிலது தெருவுக்கே வராது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தானே? அதைக் குடைஞ்சு அடுத்த வீட்டுக்குள்ள போயிடும். வெளியில காவக்காரன் தடியோட நின்னு, ஊர் அமைதியா இருக்குன்னு கொட்டாவி விடுவான். அப்படித்தான் எனக்குள்ள தெருத் தெருவா காலியாகுது, மசிகா. அதனாலதான் சொல்றேன், நீ தடுப்பூசி போட்டுக்கோ.

— மாட்டேன்.

— ஏன்?

— ஊசியிலதான் நோயே வருதுன்னு சந்தையில பேசிக்கிறாங்க.

— சந்தையில உன்கூட யாரு பேசினா?

— ...யாரும் பேசல. காதுல விழுந்துச்சு. என்னைக் கண்டா பீன்ஸ் மூட்டையை இழுத்துக்கிட்டுத் தள்ளிப் போறாங்க. நம்ம வாசலைத் தாண்டணும்னா எதிர்ப்பக்கமா நடக்குறாங்க. நேத்து பழக்கதோஷத்துல மரவள்ளிக் களியை ரெண்டு பேருக்குக் கிண்டிட்டேன். ஒரு உருண்டை அப்படியே காய்ஞ்சு கிடக்கு.

— நம்ம பையன் மும்பெரே வரலையா?

— கோமா டவுன்லேருந்து போன் பண்ணான். ரோடு சரியில்லையாம்.

— ரோடு என்னைக்குச் சரியா இருந்துச்சு? போகட்டும். இந்தக் கண்ணாடித்தாள் கூண்டுக்குள்ள என்னைத் தொடுறது சுவத்துல தொங்குற அந்த ரப்பர் கை ரெண்டும்தான். கவிரா வெளியில நின்னு அதுக்குள்ள கையை விட்டு ஊட்டுறா, துடைக்கிறா. நல்ல நர்ஸ். ஆனா ரப்பர்ல சூடு இருக்காது.

— நெத்தியை இப்படித் தாள்மேல வைங்க. நானும் இந்தப் பக்கம் வைக்கிறேன்.

— வச்சாச்சு. ஒண்ணும் தெரியல. நீ பேச்சை மாத்தாத. ஊசியில வர்றவன் வேற ஆளு, அப்பாவி. எபோலாவோட சட்டையை மட்டும் மாட்டி அனுப்புறாங்க. காவக்காரன் அந்தச் சட்டையை அடையாளம் பார்த்து வச்சுக்குவான். நிஜத் திருடன் வந்தா வாசல்லயே அடிதான்.

— எனக்கு நம்பிக்கை வரல. நாளைக்கு முதல்லேருந்து சொல்லுங்க, யோசிக்கிறேன்.

— நாளைக்குங்கிற பேச்சே கிடையாது. கவிரா! இங்க வாம்மா! என் கண்ணெதிர்ல இவளுக்கு ஊசியைப் போடு.

— ஐயோ, வேண்டாம் கவிரா, நீ போ!

— இவங்களுக்கு எதுக்குப் பெரியவரே? நீங்க உள்ள வந்த அன்னைக்கே நான்தானே போட்டேன்?

— ...மசிகா? இத்தனை நாளா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேனே. ஏன்டி இப்படிப் பண்ணே?

— அன்னைக்கு நினைவு தப்பிக் கிடந்தீங்க. கஞ்சின்னு கூப்பிட்டேன், நீங்க கண் திறக்கல. மும்பெரேன்னு கூப்பிட்டேன், அதுக்கும் திறக்கல. ஊசி போட்டுக்க மாட்டேன்னு சொன்னப்பதான் திறந்தீங்க.