கொக்கு எந்திரிக்கக் கூடாது

— அணைஞ்சு போச்சு! மூணாவது தடவை! ஏட்டி மயிலு, இந்த ஜெனரேட்டருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்!

— நாலு சார்ஜரையும் ஒட்டுக்காச் சொருகுனா அது என்னுங்க பண்ணும்? இத்துணூண்டு பொட்டி.

— பொறவு? கொளத்துல நம்ம படகு, இந்தப் போட்டு ஓடணும்னா நாலு பேட்டரியும் வேணும்லா. மூணு மணிக்கு உங்கப்பா கொளத்துக் கமிட்டியோட கரையில வந்து நிப்பாவ. அவ்வோகிட்ட போயி, சார்ஜு ஏறல மாமான்னா சொல்லச் சொல்லுத?

— அதை நேத்து ராத்திரியே ஊட்டுல போட்டிருக்கோணுமுங்க.

— காலையில போட்டுக்கிடலாம்னு நெனச்சேன். காலையில பாத்தா கரண்டு இல்ல!

— எப்புடி இருக்கும்? இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுனு. ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்டு வராதுன்னு கம்பெனில ரெண்டு நாளா போர்டுல எழுதிப் போட்டிருக்குது. திருப்பூரே லீவு உட்டிருக்குது, மிசின் மெக்கானிக்கு உங்களுக்குத் தெரியலையாக்கு!

— லீவுன்னு தெரியும். எதுக்கு லீவுன்னு எவன் கேட்டான்? அன்னைக்கே போட்டைக் கொளத்துல விட்டுக் காட்டிருவோம்னு நாந்தானே கமிட்டிக்குத் தேதி சொன்னேன்!

— நல்லாச் சொன்னீங்க போங்க.

— தம்பி, தங்கச்சி, சண்டையை அப்பறம் வெச்சுக்கலாம். மணி பதினொண்ணாச்சு.

— நஜீமுதீன் பாய், நீங்க பேட்டரி கடைக்காரரு, நீங்களே சொல்லுங்க. ஜெனரேட்டர்லயே பன்னெண்டு வோல்ட்டுன்னு ஒரு ஓட்டை இருக்கு. சார்ஜரே வேண்டாம், அதுல நேரா மாட்டிருவமா?

— வேணாம் தம்பி! அது வழியில நின்னுபோன காருக்கு. சொட்டுச் சொட்டாத்தான் ஏறும். நாலும் நெறையறதுக்குள்ள ரம்ஜானே வந்துரும்.

— அப்ப என்னதான் செய்ய?

— சித்தெ நவுருங்க. எங்க தையல் லைன்ல கரண்டு போயி ஜெனரேட்டருக்கு மாத்துனா எப்புடி மிசினைப் போடுவோம்னு பாத்ததே இல்லீங்களா?

— நான் கெட்டுப்போன மிசினைத்தான் பாப்பேன், ஓடுததை எதுக்குப் பாக்கேன்?

— சூப்பர்வைசர் விசில் ஊதுவாருங்க. ஒரு விசிலுக்கு ஒரு வரிசை. ஜெனரேட்டரு ஒரு உறுமு உறுமி அடங்கோணும், அப்பறந்தான் அடுத்த விசிலு. அத்தனை பேரும் ஒண்ணா மிதிச்சா பொட்டுன்னு நின்னுபோயிரும். அதேதான் இங்கயும். சுவிச்சு எல்லாத்தையும் அணைங்க. ண்ணா, நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க.

— பிஸ்மில்லா... வந்துருச்சு!

— விசிலு நான் ஊதுதேன்!

— மெதுவா ஊதுங்க. மொதோ சார்ஜரு. உறுமுது பாருங்க... பொறுங்க, பொறுங்க... அடங்கிருச்சு. ரெண்டாவது.

— ரெண்டு! ஏட்டி, நிக்கல!

— மூணு. கையை எடுங்க, அவசரப்படாதீங்க... ம், இப்ப நாலு.

— நாலும் ஓடுது! பாய், நாலு சார்ஜர் முள்ளும் பத்து ஆம்பியர்ல நிக்கி! ஏ மயிலு, உன்னையப் பெத்த வயித்துக்குச் சக்கரை போடணும்!

— பெத்தவளுக்குப் போடறது இருக்கட்டுமுங்க. என்னையப் பெத்தவரு மூணு மணிக்குச் சரின்னு சொல்லோணும்.

— தங்கச்சி, உங்கப்பா அப்படி என்னதாம்மா கண்டிசன் போட்டாரு?

— போட்டு கொளத்தை ஒரு சுத்துச் சுத்தோணும். சத்தம் வரக்கூடாது. ஒரு கொக்கு எந்திரிச்சுப் பறந்தாலும் போட்டுச் சவாரிக்கு லைசென்சு கெடையாதுன்னுட்டாருங்க எங்கய்யன். அதுவும் இவுங்க மூஞ்சியப் பாத்தா சொன்னாரு? பக்கத்துல இருந்த வெள்ளியங்கிரி அண்ணனைப் பாத்துச் சொன்னாரு. ‘அந்தத் தெக்கத்தி ஆளுகிட்டச் சொல்லீருங்க’ன்னு.

— அதான் பாய் ஜெனரேட்டரைக் கரைக்கு இந்தப் பக்கம், பள்ளத்துல எறக்கி வெச்சிருக்கோம். சத்தம் அங்கிட்டுப் போகாது. கல்யாணமாயி ஒம்பது வருசம் ஆச்சு. அவ்வோ ஒரு நாளு என்னைய ‘வாங்க’ன்னு சொன்னது கெடையாது. இன்னைக்கும் கெடையாதுன்னா, ஊர்ல அண்ணன்கூடக் கடலுக்குப் போயிருவேன். அங்கன எவனும் கொக்கைக் கேட்டு போட்டு விட மாட்டான்.

— போயிருவேன்னு சொல்றாரே ஒழிய, என்னைய வர்றயான்னு ஒரு வார்த்தை கேட்டாரான்னு கேளுங்கண்ணா. நான் எங்கய்யன் இருக்கற ஊரை உட்டுப்போட்டு வர மாட்டேன். இவுங்களையும் உட முடியாது. எனக்கு இந்தப் போட்டு ஓடோணும், அவ்வளவுதான்.

— ஓடும்மா, இன்ஷா அல்லா ஓடும்.

— ஆமா பாய், காலையில நான் போன் போட்டப்ப ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போயிருச்சுன்னீங்க. பத்து மணிக்கு இதைத் தூக்கிட்டு வாறீங்க. எங்கன கெடச்சுது?

— கெடச்சுது. கேள்வியை விட்டுட்டு பெட்ரோலைப் பாருங்க தம்பி, கால் டேங்குதான் இருக்குது.

— ஏனுங்ணா, பேட்டரி கடை ஜெனரேட்டர்ல சாணி எப்புடிங்க ஒட்டியிருக்குது?

— தங்கச்சி, முள்ளு எறங்குதா பாரு!

— எறங்கலீங்களே.

— எறங்கலைன்னா நல்லதுதான்.

— பாய், மணி ரெண்டே முக்கால். போதும், அணைச்சிருங்க. ஒரு சுத்துக்கு இது தாராளம். ஆளுக்கு ஒரு பேட்டரி தூக்குங்க, நான் ரெண்டு எடுத்துக்கிடுதேன்.

— பாத்துப் போங்க! வழுக்குமுங்க!

— மயிலு, நீ கரையிலயே நில்லு. நான் போட்டுல ஏறுதேன்.

— நின்னுக்கறேனுங்க. சுக்கானை மட்டும் கெட்டியாப் புடிங்க.

— பாத்தியா தங்கச்சி, மோட்டாரைப் போட்டுட்டாரு.

— போட்டுட்டாருங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!

— அதாம்மா வேணும்!

— நவுருது... ண்ணா, நவுருதுங்! அய்யய்யோ, நேராக் கொக்குக் கூட்டத்துக்கே ஓட்டறாரு! ஏனுங், இக்கட்டால, இந்தப் பக்கம் திருப்புங்!

— கத்தாதேம்மா! போட்டுக்கு எந்திரிக்காத கொக்கு நீ கத்தித்தான் எந்திரிக்கும்!

— வாயைப் பொத்திக்கறேனுங்க... ஒண்ணுகூட எந்திரிக்கலீங்க. தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி மீனுக்குக் குனிஞ்சிருச்சு. ண்ணா, எனக்கு அழுகையா வருது.

— சுத்தி வந்துட்டாரு பாரு. அல்லாஹ்! உங்கப்பா கரையை விட்டு எறங்கறாரு.

— வேட்டியை மடிச்சுக் கட்டறாரு... தண்ணிக்குள்ள கால் வெக்கறாரு... போட்டுல ஏறிட்டாருங்க! எங்கய்யன் இவுங்க எதுத்தாப்புல உக்காந்துட்டாரு! ஆனா மூஞ்சியைப் பாருங்க, அதே உர்ருன்னுதான் வெச்சிருக்காரு. ஒரு வார்த்தை பேசுனா என்னவாம்? கெடக்கட்டும், ஏறுனாரே, அது போதும். நீங்க மட்டும் அந்த ஜெனரேட்டரைக் கொண்டாரலைன்னா என்ற கதி என்னுங்ணா? ஆரோடதுன்னாச்சும் சொல்லுங்க, நேர்ல போயி அவுங்க காலைத் தொட்டுக் கும்புடோணும்.

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் தங்கச்சி... ஆனா, நெஞ்சு கேக்க மாட்டேங்குது. காலைல தம்பி போன் போட்டப்ப உங்கப்பா என் கடையிலதான் நின்னுட்டு இருந்தாரு. வீட்டுக்குப் போனவரு, பால் கறக்கற மிசினுக்கு வெச்சிருந்த அந்த ஜெனரேட்டரைக் கழட்டி வண்டில கட்டிக் கொண்டாந்து எறக்கிட்டு, ‘மாடு பத்தையும் இன்னைக்கு நானே கையில கறந்துக்கறேன், இதை எங்க மாப்ளைகிட்டக் குடுத்துருங்க பாய், நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க’ன்னு சொன்னாரும்மா.