அப்சரஸ் பலகை

எனக்குக் காபிதான் பழக்கம். நீங்கள் வாங்கித் தந்த டீயும் பரவாயில்லை, இன்ஸ்பெக்டர். இந்த டெல்லியில் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அது பெரிய உபகாரம்.

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு சேட்டின் கலைக்கூடம். அங்கே மாட்டுவதற்காக வந்தது அந்தப் பலகை. கம்போடியாவில் ஏதோ பழைய கெமர் கோயில் சுவரின் துண்டு. தாமரைமேல் ஆடும் மூன்று அப்சரஸ்கள். அசல்தான் என்று கையெழுத்துப் போட்டவன் நான். சிற்பம் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

தூக்கும்போது சங்கிலி நழுவியது. பலகை கூலியாள் அந்தோணியின் மார்பில் சாய்ந்துவிட்டது. மற்ற கூலியாட்கள் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள்.

"ருக்கோ" என்று நிறுத்தினேன். செதுக்கிய கல்லில் இரும்பு படக்கூடாது. எங்கள் தொழிலில் அது பாலபாடம். மரக்கட்டையும் கம்பளமும் பின்னால் வேறு வண்டியில் வந்துகொண்டிருந்தன.

"பட்டாபி சார், மூச்சு முட்டுது சார்" என்றான் அந்தோணி.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா, ஜல்தி வந்துடும்."

தமிழைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது. சார் சொல்வதைக் கேளுங்கள் என்று அவனே மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னான். நம் ஊர் மனுஷன் என்ற நம்பிக்கை, பாவம்.

கூலியாட்களில் முருகன் மட்டும் கேட்கவில்லை. கடப்பாரையை விளிம்பில் கொடுத்து நெம்பப் போனான். வேறு வழி தெரியாமல் நான் குறுக்கே படுத்துக்கொண்டேன். ஆமாம், பலகையின்மேல்தான். நான் ஒன்றும் பெரிய ஆகிருதி இல்லை, பார்த்தாலே தெரியும்.

வண்டி வந்தபோது அந்தோணியிடம் பேச்சில்லை. கட்டை கொடுத்து, பதமாகத் தூக்கினோம்.

அவன் மனைவி சாந்தகுமாரி மார்ச்சுவரி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு ஒடைஞ்சா ஒடையட்டும்னு விட்டிருக்கக் கூடாதா சார்? வேற கல்லு கெடைக்காதா?" என்றாள்.

"எண்ணூறு வருஷத்துக் கல்லும்மா. கெடைக்காது" என்றேன்.

விளிம்பு பெயர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் சிமெண்ட் தெரிந்திருக்கும், என் கையெழுத்தும் சந்தி சிரித்திருக்கும். அதை விடுங்கள். புருஷனைப் பறிகொடுத்து நிற்பவளிடம் பொய் சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. வேறு கல் கிடைக்கும். அச்சு என் வீட்டு மாடியிலேயே இருக்கிறது.