கால் வைக்காத காலம்

இந்தக் கூட்டத்தின் தலைமை இருக்கையைத் தன் தகுதியால் அலங்கரித்திருக்கும் ராயபுரத்து ரயில்வே தொழிலாளர்களின் ஓங்கிய குரல், அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! உப்புக்காற்றை உண்டு, உழைப்பை உடுத்தி, எண்ணூருக்குப் பெருமை சேர்த்த பெரியோர்களே! கூடையை இறக்கி வைத்துவிட்டு, புடவையின் ஈரம் உலருமுன்னே ஓடோடி வந்திருக்கும் என் தாய்மார்களே! மணலிச் சாலையில் டேங்கர் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! மதில்மேல் ஏறி அமர்ந்து இந்தக் கூட்டத்தையே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் பட்டாளமே! உங்கள் எல்லோருக்கும், வியாசர்பாடி எம்.கே.பி. நகர் மாயாவின் மாலை வணக்கம்.

தலைவர் என்னை ‘நீதிமன்றத்துப் புயல்’ என்று அறிமுகம் செய்து வைத்தார். கடற்கரையில் குடியிருப்பவர்களிடம் வந்து புயலைப் பற்றிப் பெருமையாகப் பேசலாமா, அண்ணே? நான் புயலும் இல்லை, பூகம்பமும் இல்லை. கறுப்புக் கோட்டு போட்ட, கொஞ்சம் முன்கோபமுள்ள ஒரு வக்கீல். பேச்சில் அடுக்குமொழி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அர்த்தம் வராத இடத்தில் மட்டும் தயவு செய்து கை தட்டாதீர்கள்.

நாம் ஏன் கூடியிருக்கிறோம்? வருகிற வியாழக்கிழமை, கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடியும் நடக்கப் போகிறது. ரசாயனத் தொட்டிகள் கட்ட வந்திருக்கும் கம்பெனி, கழிமுகத்துக்குப் போகும் நம் பாதையை வளைத்துச் சுவர் எழுப்பலாமா, கூடாதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். பாதை போனால் ஆறு போகும். ஆறு போனால், இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்க்கும் இந்தத் தாய்மார்களின் அடுப்பு அணைந்து போகும்.

ஆனால் நான் சுவரைப் பற்றிப் பேச வரவில்லை. சுவருக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். இந்தத் தொழிற்சாலைகளையெல்லாம் கேள்வி கேட்கும் துறைக்கு அமைச்சராக இருந்தவர்.

யாரது பின்னாலிருந்து, ‘பேர சொல்லுக்கா, இன்னா பயம்?’ என்று கேட்பது? வேலப்பனா? பயம் இல்லை தம்பி. பெயரைச் சொன்னால் நாளைக்கு இது ஒரு மனிதரோடு நாம் போடும் சண்டையாகிவிடும். அவர் ஒதுங்கிக்கொள்வார். அவர் நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்காருவார். அப்புறம் நாம் இன்னொரு மேடை போட வேண்டும், நீ இன்னொரு முறை மதில் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவருடைய பெயர் அல்ல. ஒரு விதி. அதனால் பெயரை நீயே வைத்துக்கொள்.

அவர் கெட்டவராக இருந்தாரா? இல்லை. குழாய் வராத தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தார். வெள்ளம் வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கழிமுகத்துக்கு வந்து நின்று, ‘இது உங்க வழி, எவனும் மறிக்க முடியாது’ என்று இந்தத் தாய்மார்களுக்கு வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். நல்லதை மறைத்துவிட்டு நான் வழக்குப் பேச மாட்டேன்.

பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி போனது, பதவி போனது. எல்லாம் போன பிறகும் போகாத ஒன்று இருந்தது. என்ன அது? அமைச்சர் என்ற அழைப்பு! அவர் வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ‘முன்னாள்’ என்ற சொல் கடுகளவு. ‘அமைச்சர்’ என்ற சொல் பூசணிக்காய் அளவு. கண்ணாடி போட்டவர்களுக்கே கடுகு தெரியாது. அவரை மட்டும் சொல்லி என்ன? நாம் என்ன செய்கிறோம்? ஆட்டோவில் ஏறினால், ‘மினிஸ்டர் வூட்டாண்ட நிறுத்துப்பா’ என்கிறோம். ஒருமுறை கவுன்சிலர் ஆனவரைக் கல்லறைக்குப் போகும்வரை கவுன்சிலர் என்றே கூப்பிடுகிற மரியாதைக்காரர்கள் நாம். மரியாதை தப்பில்லை. ஆனால் அந்த மரியாதைக்குள்ளே ஒரு பள்ளம் இருந்தது. அதில் விழுந்தவர், நம் அடைக்கலமேரி அக்கா.

ஆவணி மாதத்தில் சுவர் விஷயம் காதில் விழுந்ததும், அடைக்கலமேரி அக்கா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போனார்? நேராக மினிஸ்டர் வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரர் அப்போதே அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராகச் சேர்ந்துவிட்டிருந்தார். நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே!

உட்கார வைத்தார். டீ கொடுத்தார். ஊர் நலம் விசாரித்தார். அக்கா சொன்னார்: ‘மினிஸ்டரய்யா, கம்பெனிக்காரன் எங்க வழில செவுரு கட்டப் போறானாம். நீங்கதான் எதுனா செய்யணும்.’

அவர் பொறுமையாகக் கேட்டார்: ‘வருசம் பூராவும் அந்த வழியிலதான் போறீங்களா?’

அக்காவுக்கு அது பெருமையான கேள்வி. தலையை நிமிர்த்திச் சொன்னார்: ‘அய்ப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் மட்டும் போவ மாட்டோம்யா. மழத்தண்ணி வரச்சொல்லோ எறாக் குஞ்சுங்க அந்த மொகத்துலதான் மேஞ்சிகினு இருக்கும். மிதிச்சா செத்துப்பூடும். அது கால் வைக்காத மாசம். எங்க ஊரு கட்டுப்பாடு.’

‘ஒருத்தர்கூடவா?’

‘ஒருத்தர்கூட இல்லய்யா!’

அந்த ‘ஒருத்தர்கூடவா’ என்ற கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று அக்காவின் காதுக்கு அது பாராட்டாகக் கேட்டது.

ஐப்பசி கடந்தது. கார்த்திகையும் வந்தது. கம்பெனி அனுப்பிய சர்வே ஆட்களும் வந்தார்கள். ஆவணியில் வரவில்லை, புரட்டாசியில் வரவில்லை, கார்த்திகையில் வந்தார்கள்! பாதையெல்லாம் புல். மருந்துக்குக்கூட ஒரு காலடித் தடம் இல்லை. வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தார்கள். மார்கழியில் கலெக்டர் முன்னால் அந்தப் போட்டோக்களைப் பரப்பி வைத்து, ‘இந்தப் பாதையை யாரும் பயன்படுத்தவில்லை, பாருங்கள்’ என்றார்கள்.

அக்கா எழுந்தார். மைக்கைக் கையில் வாங்கினார். எதிரே கம்பெனிக்காரர்களின் வரிசையைப் பார்த்தார். அங்கே, கதர்ச் சட்டையில், கையில் பைலோடு, அவர். அக்காவுக்குப் பேச வந்ததெல்லாம் மறந்துபோனது. வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்:

‘மினிஸ்டரய்யா, நீங்க இன்னா அந்தப் பக்கம் உக்காந்துகினு கீறீங்க?’

சபை சிரித்தது. கம்பெனி வரிசை சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், என் தொழிலுக்கு அது அழகு. அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நான் எழுந்து அவகாசம் கேட்டதால் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பொய் சொன்னாரா? இல்லை. கட்டுக்கட்டாக லஞ்சம் வாங்கினாரா? அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சட்டத்தை மீறினாரா? மீறுவதற்குச் சட்டம் ஒன்று இருக்க வேண்டுமே! கோட்டையில் கோப்பு பார்த்து ஓய்வு பெறும் பெரிய அதிகாரி, உடனே தனியார் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த அதிகாரிக்கே உத்தரவு போட்ட அமைச்சர், காலையில் பதவியை விட்டிறங்கி மாலையில் கம்பெனி காரில் ஏறினால் கேட்பதற்கு ஆளில்லை. இது என்ன நியாயம்?

என் தொழிலைப் பாருங்கள். ஒரு கட்சிக்காரரின் வழக்கை நான் காதால் கேட்டுவிட்டால், அதே வழக்கில் எதிர்த்தரப்புக்காக வாதாட முடியாது. வாதாடினால் என் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். எங்கள் வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து புட்பால் ஆடுகிறார்கள். முதல் பாதியில் விசில் ஊதிய ரெபரி, இரண்டாம் பாதியில் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் பந்து உதைக்க வந்தால் எங்கள் பிள்ளைகள் விடுவார்களா? சந்துக்கு இருக்கிற சட்டம் சட்டசபைக்கு இல்லையா?

‘அப்போ அவரும் பொழைக்க வேணாமாம்மா?’ முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். கைதட்டுங்கள் அவருக்கு, இன்றைய கூட்டத்தின் நல்ல கேள்வி இது. பிழைக்க வேண்டும் ஐயா! பதவி போனவரின் வீட்டிலும் உலை கொதிக்கத்தான் வேண்டும். பதவிக்குப் பிறகு பட்டினி என்றால், வசதி படைத்தவன் மட்டும்தான் அமைச்சராவான், நம் வீட்டுப் பிள்ளை ஆக மாட்டான். ஆகவே அவர் பள்ளிக்கூடம் நடத்தட்டும், பண்ணை வைக்கட்டும், பாத்திரக்கடை திறக்கட்டும், நானே போய்க் குத்துவிளக்கு ஏற்றுகிறேன்! ஆனால், எந்தக் கம்பெனிக்கு நேற்றுவரை கடிவாளம் பிடித்தாரோ, அதே கம்பெனியிடம் இன்றைக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் சில ஆண்டுகள் விலகி இருக்க வேண்டும். அதற்குப் பிறகும், யாரிடம் வேலை செய்கிறேன் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும், அந்தப் பெயர்ப்பலகையில் பூசணிக்காய் அளவில்! மந்திரி என்று நம்பி மக்கள் சொன்ன சொல்லை, மாதச் சம்பளத்துக்கு மாற்றக் கூடாது. அவருடைய உழைப்பை அவர் விற்கட்டும். நம் நம்பிக்கையை விற்க அவர் யார்?

‘இதெல்லாம் பெரிய பெரிய விஷயம், மீன்பிடி ஜனங்களுக்குப் புரியுமா?’ என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். சிரித்துவிட்டேன். உலகத்திலேயே இது முதலில் புரிய வேண்டிய ஊர் எண்ணூர் அல்லவா? கண்ணுக்கெதிரே எறா துள்ளுகிறது. கையை நீட்டினால் கூடை நிறையும். காவல்காரன் இல்லை, அபராதம் இல்லை, கேட்பார் இல்லை. ஆனாலும் கால் வைப்பதில்லை! ஏன்? வைத்தால் வாழ வேண்டியது செத்துப்போகும் என்ற ஒரே காரணம். அன்றாடங்காய்ச்சிகள் அடுப்பைச் சுருக்கிக்கொண்டு காக்கிற கட்டுப்பாட்டை, ஆட்சியில் இருந்தவர்கள் காக்க முடியாதா? கேட்கிறேன், முடியாதா? நாம் கேட்பது தண்டனை அல்ல. பழிவாங்கலும் அல்ல. அமைச்சர்களுக்கு ஒரு கால் வைக்காத காலம்! அவ்வளவுதான்! இரண்டு ஆண்டா, ஐந்து ஆண்டா என்பதைச் சட்டம் செய்வோர் உட்கார்ந்து பேசட்டும். தலைவர் முன்மொழியப் போகும் தீர்மானத்தின் சாரம் இதுதான்.

கை தட்டினீர்கள், நன்றி. இனி கை தட்ட முடியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

மார்கழியிலிருந்து அடைக்கலமேரி அக்கா நம் தெருக்களில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. ‘நீதானே போயி ஒளறிட்டு வந்தே, ஊரயே வித்துட்டியே’ என்று சொன்னவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பொங்கலுக்குக்கூட அக்கா வாசலில் வந்து நிற்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் போகிறார். வியாழக்கிழமை வந்து சாட்சி சொல்லுங்கள் என்று நான் மூன்று தடவை வீடு ஏறிக் கேட்டுவிட்டேன். ‘என்னால முடியாதும்மா, நான் வாயத் தொறந்தாலே கெட்டுப்பூடுது’ என்கிறார். அவர் வராவிட்டால், அந்த இரண்டு மாதத்தின் அர்த்தத்தை யார் சொல்வது? நான் சொன்னால் வக்கீல் வாதம். அவர் சொன்னால் வாழ்க்கை. இதோ, அந்த ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் பின்னால், முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், சங்கடப்படுவார். என்னைப் பாருங்கள்.

உங்களை ஒன்று கேட்கிறேன், மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். ஆவணி மாதத்தில் சுவர் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தால், உங்களில் எத்தனை பேர் அந்த வீட்டுப் படியேறியிருப்பீர்கள்? கையைத் தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள். இதோ, தலைவர் தூக்கிவிட்டார். தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். வேலப்பா, மதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கு, விழுந்து வைக்காதே!

இப்போது திரும்பிப் பாருங்கள். அக்கா, நீங்களும் நிமிர்ந்து பாருங்கள். ஊரே கையைத் தூக்கி நிற்கிறது. நம்பியவர் மீது குற்றமில்லை. நம்பிக்கையைக் காக்க ஒரு விதி செய்யாமல் விட்ட நம் எல்லோர் மீதும்தான் குற்றம்.

என்னக்கா, எழுந்துவிட்டீர்கள்? போகிறீர்களா? இல்லை, இங்கேதான் வருகிறார்! வழி விடுங்கள். தம்பி, அந்த மைக்கை நீட்டு. சொல்லுங்கக்கா, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

‘எனக்கு மேடையில இன்னா பேசறதுன்னு தெரியாது. வியாயக்கெழம நான் வரேன். அவரு எதுக்கால உக்காந்துகினு இருக்கட்டும், அவரு மூஞ்சப் பாத்தே சொல்றேன். ரெண்டு மாசம் கால் வைக்கலன்னா அது எங்க வழி இல்லன்னு ஆயிடுமா? எங்க வழின்றதாலதான்யா கால் வைக்கல!’

இதற்குமேல் நான் பேசினால் அது வாய்க்கொழுப்பு. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். என் கோபத்தையும் கிண்டலையும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வேலைக் களைப்போடு நின்றபடியே கேட்ட உங்கள் பொறுமைக்கும், இந்த வக்கீலின் வாதத்தை முடித்து வைத்த அடைக்கலமேரி அக்காவுக்கும் தலை தாழ்ந்த நன்றி. வணக்கம்.