கடலைக்காட்டு ஷெவர்லே

பேசாம ஓட்டுன்னு சொல்றீங்க, ஓட்டறனுங்க ஐயா. ஆனா ஸ்டீரிங்கைத் தொட்டாலே என் வாய் சும்மா இருக்காதுங்க. இத்தனை வருசமும் ஊட்டுக்காரரைத் தவிர வேற ஆரு பாக்கவும் ஓட்டுனதில்ல. லைசென்சு குடுக்கற ஆபீசரு காயிதமும் பென்சிலுமா உக்காந்திருந்தா எப்படி இருக்கும் சொல்லுங்க. வண்டி குலுங்குதுங்களா? ரோடு அப்படி.

பேரா? அதுலயே எழுதியிருக்குங்களே. செல்லியம்மாள், ஜேடர்பாளையத்துப் பக்கம் தோட்டம். ஊட்டுக்காரரு பேரும் கீழ இருக்குது பாருங்க. நான் வாயால சொல்றதில்லீங்க.

இருங்க, முன்னால கட்டை வண்டி போகுது. ஆரன் அடிக்க மாட்டனுங்க. மாடு மோட்டாரைப் பாத்து அவ்வளவா மிரள்றதில்ல, ஆரன் சத்தத்துக்குத்தான் மிரண்டு குறுக்க பாயுது. பஸ்ஸு ஓட்டறவங்களுக்கு இதைச் சொன்னாச் சிரிக்கறாங்க. நாம பொறகால மெதுவா வந்தம்னா அவரே திரும்பிப் பாத்து ஒதுங்கிருவாரு. ஒதுங்கிட்டாருங்களா? இப்ப என்னையப் பாத்துட்டு வாயைப் பொளந்துட்டு நிக்கறாரு. நிக்கட்டும்.

கியர் மாத்தறப்ப ரெண்டு தரம் கிளச்சை மிதிச்சனே, எழுதிக்கிட்டீங்களா? அப்படி மிதிச்சாத்தான் இந்த வண்டிக்குப் பல்லு கடிக்காம உளுகும். மேக்க ஒருத்தரு போர்டு காரு வெச்சிருக்காரு, நல்ல உறுதியான வண்டி. ஆனா எறக்கம் வந்தா கியரை எடுத்துட்டு உருட்டுவாரு, பெட்ரோல் மிச்சமாம். வண்டியை நம்ம கையில வெச்சுக்காம ஓட வுடறதுக்குப் பேரு ஓட்டறதுங்களா? எனக்கு அது ஆகவே ஆகாது. செர்மனிச் சண்டை வந்ததுலிருந்து டயரு கெடைக்கறதில்ல, அதுக்கும் சேத்துத்தான் நான் பிரேக்கைச் சட்டுன்னு மிதிக்கறதில்லீங்க. முன்னாடியே பாத்து காலை எடுத்துருவேன்.

ஏனுங்க, நாப்பது வயசுல எதுக்கு லைசென்சுன்னு மறுபடியும் கேக்கறீங்க. சொல்றனுங்க. அதுக்குத்தான் வாரேன்.

இந்த ஷெவர்லேயை ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருத்தர்கிட்ட ஊட்டுக்காரரு வாங்கியாந்தாரு. வண்டின்னா உசுரு அவருக்கு. ஆனா ஓட்ட வராதுங்க. வேலிக்குள்ள ரெண்டு தரம் உட்டுட்டாரு. அம்மாசின்னு ஒருத்தரை டிரைவராப் போட்டம். நான் பக்கத்துல நின்னு எஞ்சினைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு நாளு, ஒரு பிளக்கு எரியலைன்னு சொன்னேன். அம்மாசி கழட்டிப் பாத்தா நெசமாவே எரியலை. அன்னைக்கே இவரு, கடலை புடுங்கின காட்டுக்குள்ள என்னைய உக்கார வெச்சு ஓட்டச் சொன்னாருங்க. மதியத்துல, பண்ணையத்து ஆளுங்க சோத்துக்குப் போனதுக்கப்புறம். ஆறு வருசம் அப்படித்தான், காட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி. அவரு வரப்புல குடையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து பாப்பாரு. எனக்கு வந்த கை உனக்கு வந்திருந்தா சேலத்துல பஸ்ஸு வெச்சிருப்பம்பாரு. இல்லீங்க, மாத்திச் சொல்லிட்டேன். உன் கை எனக்கு வந்திருந்தாம்பாரு.

ரோட்டுக்கு மட்டும் போனதில்ல. பொம்பளை மோட்டாரு ஓட்டுனா ஊரு என்ன பேசும்? அவரு பேசட்டும்னாரு. நாந்தான் மாட்டன்னுட்டேன்.

இதென்ன, வலது பக்கம் திருப்பச் சொன்னீங்களா? கை காட்டிட்டேன், பாத்தீங்கதானுங்களே. சரி.

போன மாசி மாசம் அவருக்கு வயித்து வலிங்க. காத்தாலருந்து சுருண்டு கெடந்தாரு, பொழுது ஏற ஏற ஒடம்பு அனலாக் கொதிக்குது. வைத்தியரு பாத்துட்டு, நாமக்கல்லுக்கே கொண்டுபோயிருங்கன்னாரு. அம்மாசி குடியிருக்கறது ஊருக்குள்ள. கோயலு நோம்பி சாட்டியிருந்துச்சு, வேலையில்லைன்னு ஆத்துக்குப் போயிட்டாராம். ஆளை உட்டுக் கூட்டியாரச் சொல்லிட்டு, நானே இவரைப் பின்னால படுக்க வெச்சு வண்டியை எடுத்தேன். நாங்க குடியிருக்கற தோட்டத்துச் சாளையிலிருந்து ஊருக்கு ஒரு கல் தூரம் வண்டித் தடம். ஒரு குலுக்கல் இல்லாம ஓட்டுனனுங்க. அப்படி நான் என்னைக்கும் ஓட்டுனதில்ல.

ஊரு மொகப்புல மாரியாயி கோயலு. நோம்பிக்குப் பந்தல் போட்டுட்டு நாப்பது அம்பது ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. அவங்களைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போகோணும். கள்ளி வேலி மறைவுல வண்டியை நிறுத்திட்டேன். எறங்கி, முந்தானையை இழுத்து மூடிக்கிட்டுப் பின்னால போயி அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

அவரு கண்ணைத் தொறந்து, ஏன் நிறுத்துனேன்னாரு.

அம்மாசி வந்தர்றாருங்கன்னேன்.

நீயே ஓட்டு செல்லின்னாரு. ஒரே தரந்தான் சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் அவரு கேக்கவே இல்லீங்க.

அம்மாசி வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஈரத் துணியோட ஓடியாந்தாரு, பாவம், அவரு மேல தப்பில்ல. பறக்கறாப்பல ஓட்டுனாரு. நாமக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியுது, இன்னும் ஒரு கல் இருந்தாப் பெருசு. என் மடியில இருந்த தலை சாஞ்சுருச்சுங்க.

அந்த நாப்பது அம்பது பேரும் எழவுக்கு வந்தாங்க. தோள் குடுத்துத் தூக்குனாங்க. வண்டியைக் கோயலு வரைக்கும் ஆரு ஓட்டியாந்ததுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. கேட்டிருந்தாலும் தப்பா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு இப்பத் தோணுது. கொழுந்தனாரு வண்டியை வித்துரலாம்னாரு. லைசென்சு வாங்கிட்டு வாரேன், அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

என்னங்க, ஓரமா நிறுத்தச் சொல்றீங்க? கண்ணு கலங்குதுதான். ரோடு நல்லாத் தெரியுதுங்க. மிச்சத்தை நீங்க ஓட்டறீங்களா? வேண்டாமுங்க சாமி, நீங்க உக்காருங்க. அங்க சந்தை கூடியிருக்குது, ஒரே ஆம்பளைக் கூட்டம், சுத்திக்கிட்டும் போலாம், உள்ள பூந்தும் போலாம்.

உள்ளயே போறனுங்க.