ஜூடித்தின் மெயில்களை நான்தான் பார்ப்பேன்

மெத்தை வாங்கிய ஒருவர் அடுத்த வாரமே இன்னொரு மெத்தை வாங்குவாரா, நீங்களே சொல்லுங்கள். இன்டர்நெட் மெத்தைக் கம்பெனிக்காரன் அப்படித்தான் நம்புகிறான். என் பக்கத்து வீட்டு ஜூடித் ஒரே ஒரு மெத்தை வாங்கினாள். அன்றிலிருந்து தினம் மூன்று மெயில். "ஜூடித், எங்களை மறந்துவிட்டீர்களா?" "ஜூடித், இன்னும் இரண்டே மணி நேரம்." அந்த இரண்டு மணி நேரம் எட்டு மாதமாக முடியவில்லை.

ஒருமுறை அவள் ஏதோ லிங்கைத் தொட்டுவிட, போன் முழுக்கக் கண்ட கண்ட விளம்பரம். பயந்துபோனாள். அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் எதையும் தொடமாட்டாள். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்கே நான்தான் மெயில் பார்த்துச் சொல்கிறவள். சர்ச்சில் நடந்த சைபர் மோசடி வகுப்பில் கடைசிவரை தூங்காமல் இருந்தது நான் ஒருத்திதான். அவசரப்படுத்தினால், லிங்கை அழுத்தச் சொன்னால், அளவுக்கு மீறி அன்பு காட்டினால், அது போலி. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சாயந்தரமானால் ஜூடித் போனோடு வந்துவிடுவாள். நான் காபி போடுவேன்.

"சோஃபியாக்கா, இதப் பாரு. நெஜமா, டூப்பா?"

"டூப்புதான்டி. சும்னே, வெறும் ஆஃபர்."

"உன் கண்ணுக்கு எல்லாமே டூப்பு. நாளைக்குச் சேசுவே மெயில் போட்டாலும் டெலீட் பண்ணிடுவே."

இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவள் கேட்பது ஒன்றுதான். "ஃபிராங்க்ளின் ஏதாச்சும் எழுதியிருக்கானா?"

ஃபிராங்க்ளின் அவளுடைய ஒரே பிள்ளை. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு மெல்போர்ன் போனவன். இனிமேல் போன் பண்ணாதே என்று கத்தியவள் இவள்தான். நாலு வருஷமாகக் காத்திருப்பவளும் இவள்தான்.

பிப்ரவரியில் அவன் எழுதினான். "ஜூடிம்மா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. உங்க பேரத்தான் வெச்சிருக்கோம். எங்களோட வந்து இருங்க. விசா ஃபார்ம் லிங்க் கீழ இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள நிரப்பணும்."

அவசரம், லிங்க், அன்பு. மூன்றும் இருந்தன. இதுவும் மெத்தை டூப்புதான் என்று அவளிடம் சொல்லி அழித்தேன். ஜூடிம்மா என்ற பெயர் மெத்தைக் கம்பெனிக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

பிறகு அவனிடமிருந்து ஏழு மெயில்கள் வந்தன. எதற்கு ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும் என்று அந்த முகவரியையே தடுத்தேன். விளம்பரப் போன் தொல்லை என்று சொல்லி அவளுடைய நம்பரையும் மாற்ற வைத்தேன். அந்த உதவிக்கு எனக்கு ஒரு பிளம் கேக் செய்து கொடுத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவனே வந்து நின்றான். ஜூடித் பூசைக்குப் போயிருந்தாள். அவன் கையில் குழந்தையின் போட்டோ. அப்படியே பாட்டியின் மூக்கு.

"ஆன்ட்டி, வீடு பூட்டியிருக்கே. அம்மா எங்க?"

"காலி பண்ணிட்டாப்பா. அத்திபெலே பக்கம்னு சொன்னா. நம்பர் எதுவும் தரல."

சின்ன வயதிலிருந்தே என் பேச்சை நம்புகிற பிள்ளை. என்றைக்காவது அம்மா வந்தால் கொடுங்கள் என்று போட்டோவை என்னிடம் தந்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனான். அது என் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அன்றைக்கும் ஜூடித் வந்து, வழக்கம்போல் அதையே கேட்டாள். இல்லையடி என்றேன். கொஞ்சம் அழுதாள். தோளைத் தட்டிக்கொடுத்தேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?